டிஸ்க்கைத் துடைத்த பிறகு கம்ப்யூட்டர் எழும்பவில்லை: போர்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது. கல்லிடைக்குறிச்சியில் மாமாவின் அப்பள வியாபார ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப்: இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதில் இருந்ததால், கல்லூரியில் படிக்கும் அக்கா மகளுக்குக் கொடுக்கும் முன் டிபேன் (டிஸ்க்கை முழுசாக அழிக்கும் நிரல்) போட்டு, 'ஆட்டோநியூக்' என்ற கட்டளையைக் கொடுத்து முழுசாகத் துடைத்தாயிற்று. இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்து நிற்கிறது. பென் டிரைவில் விண்டோஸ் ஐஎஸ்ஓவை (நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) காப்பி செய்து செருகியும் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு கடையில் காட்டினால் "போர்டு போயிட்டு" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. திரையில் அந்த வரியை எழுதியதே போர்டுதான். போர்டு, பிராசசர், ராம், டிஸ்ப்ளே நாலும் வேலை செய்தால்தான் அந்த எழுத்து திரைக்கு வரும். வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று, இன்னும் யாரும் குடிவரவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. டிபேன் துடைத்தது உங்கள் ஃபைல்களை மட்டும் இல்லை. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பூட் குறியீடும் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) அட்டவணையும் இருக்கும். யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் நிறுவியிருந்தால், விண்டோஸைக் கிளப்பும் ஃபைல் 100 எம்பி அளவுள்ள தனி பார்ட்டிஷனில் இருக்கும். ரெக்கவரி பார்ட்டிஷன் இன்னொன்று. எல்லாமே போயாயிற்று. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) மட்டும் போர்டில் தனி சிப்பில் இருப்பதால் தப்பித்தது. அது டிஸ்க்கைத் தேடிப் பார்த்து, கிளப்ப ஒன்றும் இல்லையென்று சொல்கிறது.

இந்தச் செய்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எச்பி லேப்டாப்பில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்து கீழே 3எஃப்0 என்ற எண் இருக்கும். டெல்லில் 'நோ பூட் டிவைஸ் ஃபவுண்ட்'. லெனோவாவில் சில மாடல்கள் நெட்வொர்க் வழியாகக் கிளம்பப் பார்த்து, 'பிஎக்ஸ்இ' என்று ஏதோ ஓடிவிட்டு பூட் மெனுவில் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால் கதை வேறு. கிரப் என்பது லினக்ஸைக் கிளப்பும் நிரல். லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருந்த மெஷினில் யாரோ லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்திருக்கிறார்கள், விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததால், நம் பக்கத்து வீடுகளில் இது அடிக்கடி வருகிற கோளாறு. 0எக்ஸ்சி000000எஃப் போன்ற எண்ணோடு நீலத்திரை வந்தாலும் டிஸ்க் முழுசாகத் துடைக்கப்படவில்லை என்று பொருள். பூட் விவரம் மட்டும் கெட்டிருக்கிறது. அதனால் செய்தியை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வழியில் போவது என்பதை அந்த வரிதான் சொல்லும்.

திரையில் லோகோகூட வரவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் அதற்கும் டிஸ்க் துடைத்ததற்கும் சம்பந்தமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி வைத்தாலும் பயாஸ் திரை வரும், வரவேண்டும். வராவிட்டால் ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்படி அழுத்திப் பொருத்துங்கள். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோர ஊரில் இருந்த மெஷினாக இருந்தால் உப்புக்காற்றில் பற்களில் பச்சை பூத்திருக்கும். அதற்கு ரப்பர் போதாது, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெஷின் என்றால் துடைத்தாலும் உறுதி சொல்ல முடியாது. போர்டின் அடிப்பக்கச் சாலிடர்களில் அரிப்பு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். உங்கள் மெஷினில் திரை வருகிறது என்பதால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவையில்லை. இதே கேள்வியோடு வேறு யாராவது படித்தால் பயன்படும்.

இனி பென் டிரைவ். இங்கேதான் உங்களுக்கு இரண்டு இடத்தில் இடித்திருக்கிறது.

முதலாவது, 'ஆட்டோநியூக்' கொடுத்தால் டிபேன் அதன் கண்ணுக்குப் படுகிற எல்லா டிஸ்க்கையும் துடைக்கும். எந்தப் பென் டிரைவிலிருந்து டிபேன் கிளம்பியதோ அதையும் சேர்த்துத் துடைத்துவிடும்; நிரல் ஏற்கெனவே ராமுக்குள் ஏறிவிட்டதால் அதற்குத் தடையும் கிடையாது. முடிவில் 'நான் ஃபேட்டல் எரர்ஸ்' என்று ஏதாவது வந்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பென் டிரைவால் வந்ததுதான். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க் அப்போது செருகியிருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். துடைக்கும்போது துடைக்க வேண்டிய ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் இணைத்து, மற்ற எல்லாவற்றின் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் ஒரே பாதுகாப்பு. டிபேனின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது. என்விஎம்இ எஸ்எஸ்டியை (புது லேப்டாப்களில் வரும், சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) அது பார்க்கவே பார்க்காது. ஆகவே எம்.2 எஸ்எஸ்டி இருக்கிற புது லேப்டாப்பில் டிபேன் ஓட்டி 'துடைத்தாயிற்று' என்று நம்பி விற்றுவிடாதீர்கள்.

இரண்டாவது, ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் இழுத்துப் போட்டால் அது வெறும் ஒரு ஃபைல். பூட் ஆகாது. ஐஎஸ்ஓவைப் பிரித்து, பூட் பகுதியோடு எழுதித் தரும் நிரல் வேண்டும். வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டர் கிடைத்தால் ரூஃபஸ் போதும். நிறுவ வேண்டியதில்லை, திறந்தாலே ஓடும். 8 ஜிபி பென் டிரைவ் எடுங்கள். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீமில் ஜிபிடி (புது வகை பார்ட்டிஷன் அட்டவணை), டார்கெட் சிஸ்டத்தில் யூஇஎஃப்ஐ என்று வையுங்கள். உங்கள் எச்81 போர்டு யூஇஎஃப்ஐ தெரிந்த போர்டுதான். 2010க்கு முந்தைய பழைய மெஷினாக இருந்தால் எம்பிஆர் (பழைய வகை அட்டவணை), பயாஸ் என்று வைக்க வேண்டியிருக்கும். மலிவு விலைப் பென் டிரைவ் என்றால் ரூஃபஸிலேயே 'செக் டிவைஸ் ஃபார் பேட் பிளாக்ஸ்' என்ற டிக்கைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். மேலே 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு. அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

ஐஎஸ்ஓவை மொபைல் டேட்டாவில் இறக்கும்போதும் கவனம் வேண்டும். விண்டோஸ் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல், லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய சிஸ்டம்) சுமார் 3 ஜிபி. தினமும் ஒன்றரை, இரண்டு ஜிபி தருகிற பேக்கில் பாதியில் நின்று மறுபடி தொடர்ந்தால் ஃபைல் சில நேரம் சிதைந்துவிடும். நிறுவும்போது பாதி வழியில் 'ஃபைல் படிக்க முடியவில்லை' என்று நிற்கும். இறக்கியபின் அதன் எஸ்எச்ஏ256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் 'சர்ட்யூடில் -ஹேஷ்ஃபைல்', அடுத்து ஃபைல் பெயர், அடுத்து 'எஸ்எச்ஏ256'. கட்டளைகள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே ஒலிப்பைக் கொடுத்திருக்கிறேன்.

பென் டிரைவ் தயாரானதும் நேராக நிறுவப் போகாதீர்கள். முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் ஆன் செய்த உடனே டெலீட் கீயைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். உள்ளே சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழி) பட்டியலில் டிஸ்க்கின் மாடல் எண்ணும் 500 ஜிபி என்ற அளவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாட்டா டேட்டா கேபிளைப் போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதற்கும் தெரியாவிட்டால் கேபிளையே மாற்றுங்கள். சாட்டா கேபிள் வளைந்து வளைந்து உள்ளே அறுவது சகஜம், வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பவர் பிளக்கையும் எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை பெட்டி) வேறு வயருக்கு மாற்றுங்கள். ஆன் செய்து டிஸ்க்கின் மேல் விரல் வைத்தால் சுற்றுகிற மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். 'டக்... டக்...' என்று சீராகச் சத்தம் வந்தால் டிஸ்க்கின் ஹெட் போய்விட்டது, அதில் மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம்.

பழைய டிஸ்க் துடைத்த பிறகு சாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 500 ஜிபி டிஸ்க்கில் ஒரு தடவை முழுசாக எழுதவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிபேனின் இயல்பான தேர்வு பல தடவை எழுதும் முறை என்பதால், அது மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடியிருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் வெப்ப உச்சவரம்பு. மே மாதத்தில் பாளையங்கோட்டை வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், மூடிய கேபினட்டுக்குள் அந்த அளவை நெருங்குவது கஷ்டமே இல்லை. மேலும், அதுவரை யாரும் எழுதாத மூலைகளிலும் எழுதப் போகும்போது, மறைந்திருந்த கெட்ட செக்டர்கள் அப்போதுதான் வெளியே வரும். டிபேன் அந்த டிஸ்க்கைக் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒருமுறை எழுதினாலே போதும், திரும்பப் படிக்க முடியாது. 7 தடவை, 35 தடவை என்று ஓட்டுவது டிஸ்க்கின் ஆயுளையும் கரண்டையும்தான் தின்னும்.

டிஸ்க் உயிரோடு இருந்தால் அதன் உடல்நிலையைப் பார்க்க நல்ல வழி, லினக்ஸ் மின்ட் பென் டிரைவில் 'லைவ்' ஆகக் கிளப்புவது. எதையும் நிறுவாமலே முழு டெஸ்க்டாப் திரையில் வரும். மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்து, ஸ்மார்ட் டேட்டாவை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைக்கும் பதிவு) பாருங்கள். மூன்று வரிகள் போதும்: 5ஆம் எண்ணில் உள்ள ரீஅலோகேட்டட் செக்டர், 197இல் கரண்ட் பெண்டிங், 198இல் அன்கரெக்டபிள். மூன்றும் 0 என்றால் நிம்மதி. 5 மட்டும் ஓரிரண்டு இருந்து, வாரக்கணக்கில் ஏறாமல் இருந்தால் சமாளிக்கலாம். 197 இருந்தால் அந்த டிஸ்க்கில் ஒரு மாணவியின் புராஜெக்டை வைக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் இந்த மெஷினில் அதை முதல் டிஸ்க்காக வைக்க வேண்டாம். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் நிறுவி, பழைய 500 ஜிபியைப் படம், பாட்டு வைக்க இரண்டாவது டிஸ்க்காக விடுங்கள். அதே சாட்டா கேபிளும் அதே பவர் பிளக்கும்தான். டெஸ்க்டாப் கேபினட்டில் பொருத்த இரண்டரை அங்குலத்துக்கான சின்ன பிராக்கெட் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள். கூடவே 4 ஜிபி டிடிஆர்3 ராம் இன்னொன்று போட்டு 8 ஆக்கினால் கல்லூரிப் படிப்புக்கு இந்த ஐ3 தாராளமாக ஓடும். போர்டை மாற்றச் சொன்னவர்களிடம் கொடுக்கவிருந்த பணம் இங்கே போனால் அர்த்தம் உண்டு.

எஸ்எஸ்டி போட்டால் நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், விண்டோஸ் நிறுவி சில நேரம் தன் ஃபைல்களை எஸ்எஸ்டியிலும், பூட் பார்ட்டிஷனை டிஸ்க் 0 என்று எண் பெற்ற ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டுவிடும். அப்போதைக்கு எல்லாம் நன்றாக ஓடும். இரண்டு வருடம் கழித்து 'டேட்டா டிஸ்க்தானே' என்று ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தால் எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸ் கிளம்பாது. துடைத்தது ஒரு டிஸ்க், படுத்தது இன்னொரு டிஸ்க் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இப்படி ஏற்கெனவே ஆகியிருந்தால் மறுபடி நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் பென் டிரைவில் கிளப்பி, முதல் திரையில் ஷிஃப்டையும் எஃப் 10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். 'டிஸ்க்பார்ட்' கொடுத்து, 'லிஸ்ட் வால்யூம்' போட்டு, அளவை வைத்து விண்டோஸ் இருக்கும் வால்யூமைத் தேர்ந்து, 'ஷ்ரிங்க் டிசையர்டு=300' என்று 300 எம்பி இடம் பிடுங்குங்கள். பிறகு 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260', 'ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32', 'அசைன் லெட்டர்=இசட்', 'எக்ஸிட்'. கடைசியாக 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ'. 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்' என்று வந்தால் பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். பென் டிரைவிலிருந்து கிளப்பும்போது விண்டோஸ் வால்யூமுக்கு சி என்ற எழுத்துதான் கிடைக்கும் என்று உறுதியில்லை, 'லிஸ்ட் வால்யூம்' காட்டுகிற எழுத்தைப் போடுங்கள். இந்த வழி எஸ்எஸ்டி ஜிபிடியாக இருந்தால் மட்டுமே. 'லிஸ்ட் டிஸ்க்' போட்டால் ஜிபிடி நிரலில் நட்சத்திரக்குறி இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பயாஸில் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்துவிட்டு மூன்று இடத்தைச் சரிபாருங்கள். சாட்டா மோடு ஏஎச்சிஐ. செக்யூர் பூட் தற்சமயம் ஆஃப். தேதி, நேரம் சரி. தேதி 2013, 2014 என்று காட்டினால் போர்டில் உள்ள வட்ட பேட்டரி காலி. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது காலியானால் ஒவ்வொரு முறை கரண்டை அணைக்கும்போதும் பயாஸ் அமைப்பு பழையபடி போய்விடும். நேற்று பூட் ஆன மெஷின் இன்று ஆகாது, அதற்கும் பழி ஹார்ட் டிஸ்க் மேல் விழும். பத்து வருடம் தாண்டிய போர்டில் கேள்வி கேட்காமல் பேட்டரியை மாற்றிவிடலாம்.

பிறகு பென் டிரைவைப் பின்பக்கத்தில் உள்ள கறுப்பு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். கேபினட் முன்பக்க போர்ட் தளர்ந்து போயிருக்கும், நம்ப வேண்டாம். பூட் மெனுவைத் திறக்கும் கீ போர்டுக்குப் போர்டு வேறு: கிகாபைட்டில் எஃப் 12, ஏசஸ் போர்டில் எஃப் 8, எம்எஸ்ஐயிலும் ஏஸ்ராக்கிலும் எஃப் 11. லேப்டாப்பில் டெல், லெனோவா எஃப் 12. எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப் 9. ஏசரில் எஃப் 12 வேலை செய்ய முதலில் பயாஸில் அதை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

அந்த மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரியாகத் தெரியலாம். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று பெயருக்கு முன் 'யூஇஎஃப்ஐ:' என்றிருக்கும். யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள். எந்த வரியில் கிளம்பினீர்களோ அந்த முறையில்தான் விண்டோஸ் நிறுவப்படும். பழைய முறையில் கிளம்பி டிஸ்க் ஜிபிடியாக இருந்தாலோ, யூஇஎஃப்ஐயில் கிளம்பி டிஸ்க் எம்பிஆராக இருந்தாலோ, 'விண்டோஸ் கனாட் பி இன்ஸ்டால்டு டு திஸ் டிஸ்க்' என்று மறுத்துவிடும். துடைத்த டிஸ்க்கில் இரண்டுமே இல்லை என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை வரக்கூடாது. வந்தால் ஷிஃப்ட், எஃப் 10 அழுத்தி 'டிஸ்க்பார்ட்', 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க் 0', 'கிளீன்', 'கன்வர்ட் ஜிபிடி'. 'கிளீன்' அடிக்கும் முன் டிஸ்க் எண்ணை இரண்டு முறை பாருங்கள். 500 ஜிபி டிஸ்க் அங்கே 465 ஜிபி என்றும் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஜிபி என்றும்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பென் டிரைவும் அதே பட்டியலில் இருக்கும்.

'எங்கே நிறுவ வேண்டும்' என்ற திரையில் 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி இருக்கும். அதைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள், போதும். சி டிரைவ், டி டிரைவ் என்று நீங்களே பிரிக்க வேண்டாம். தேவையான பார்ட்டிஷன்களை நிறுவியே உண்டாக்கிக்கொள்ளும். 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் லேப்டாப் பலவற்றில் இந்தத் திரையில் டிஸ்க்கே தெரியாமல் 'லோட் டிரைவர்' என்று கேட்கும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பயாஸில் விஎம்டி என்ற அமைப்பை ஆஃப் செய்தால் தெரியும். டிஸ்க் எப்படியும் காலி என்பதால் அதை மாற்றுவதில் ஆபத்தில்லை. உங்கள் 4ஆம் தலைமுறைக்கு இது பொருந்தாது.

நிறுவி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவை உருவிவிடுங்கள். உருவாமல் விட்டால் பூட் வரிசையில் பென் டிரைவ் முதலில் இருப்பதால் மறுபடி முதல் திரையிலிருந்து தொடங்கும். 'எத்தனை தடவை போட்டாலும் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் ஆகிறது' என்று வருகிற புகாரில் பெரும்பகுதி இதுதான். நடுவில் கரண்ட் போனாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. அன்அலோகேட்டட் ஆகும்வரை பார்ட்டிஷன்களை டெலீட் செய்து மறுபடி தொடங்கலாம். ஆனால் பயாஸ் அப்டேட் மட்டும் யூபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள். அது பாதியில் நின்றால் அப்போது உண்மையாகவே போர்டு போய்விடும்.

எதை நிறுவுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் 8ஆம் தலைமுறை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இந்த மெஷினில் இல்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நீட்டிப்பில் சேர்ந்தால் வீட்டு மெஷின்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை. ரூஃபஸில் தடையை நீக்கி 11ஐ ஏற்றலாம்தான், ஆனால் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் திண்டாட வேண்டியிருக்கும் என்பதால் படிக்கிற பிள்ளைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ராமிலேயே கிளம்பும், 4 இருந்தால் வசதி, இலவசம். லிப்ரேஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், தமிழ்99 கீபோர்டு எல்லாம் கிடைக்கும். கல்லூரியில் குறிப்பாக விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கேட்கிறார்களா என்று மருமகளிடம் முதலில் விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் மின்ட்தான் என் பதில்.

விண்டோஸ் 10தான் வேண்டும் என்றால் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். அந்த மெஷினில் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' கொடுத்து, முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ வகையை நிறுவுங்கள். நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அந்த உரிமம் ஒட்டியிருப்பது டிஸ்க்கில் அல்ல, போர்டில். போர்டை மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

துடைத்த டிஸ்க்கில் விட்டுப்போன கணக்கு ஏதாவது உண்டா என்று மாமா கேட்டால், டிபேன் முழுசாக ஓடி முடித்திருந்தால் மீட்பு கிடையாது. மீட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். பாதியில் நின்றிருந்தாலோ, வெறும் குவிக் ஃபார்மட், டிஸ்க்பார்ட் கிளீன் மட்டும் செய்திருந்தாலோ ஹார்ட் டிஸ்க்கில் வாய்ப்பு இருக்கிறது. அப்போது எதையும் நிறுவாமல், அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் நிரலால் பழைய பார்ட்டிஷனைத் தேட வேண்டும்.

இன்னொன்று, அந்த ஆபீஸ் மெஷினில் உரிமம் உள்ள டேலி இருந்திருந்தால் அந்த உரிமம் இன்னமும் துடைத்த டிஸ்க்கின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். துடைக்கும் முன் 'சரண்டர் லைசென்ஸ்' கொடுத்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மாமாவின் டேலி ஐடியில் கன்ட்ரோல் சென்டருக்குள் போய் லைசென்ஸை ரீசெட் செய்துவிட்டு, புது மெஷினில் ஆக்டிவேட் செய்யச் சொல்லுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நேரத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது. எஸ்எஸ்டி போட்ட பிறகும் அதே வரி வந்தால் போர்டின் மேல் அச்சடித்திருக்கும் மாடல் பெயரையும், பயாஸில் சாட்டா பட்டியல் தெரிகிற திரையின் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.